இடுப்பில் வைத்த கை

என் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்கும் போர்டில் இரண்டு பாணிகளின் பெயர் இருக்கிறது: ஹங் கார், விங் சுன். பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பாக்கள் முதலில் கேட்பது, "ரெண்டுக்கும் சேத்து ஒரே ஃபீஸா மாஸ்டர்?" என்றுதான். ஒரே ஃபீஸ்தான். ஆனால் முதல் இரண்டு வருஷம் ஒன்றை மட்டும்தான் சொல்லித் தருவேன் என்றதும் முகம் மாறிவிடும். முழுக் காசு வாங்கிக்கொண்டு பாதிப் பாடத்தைப் பதுக்குகிறான் என்று நினைக்கிறார்கள். சிலர் கராத்தே, சிலம்பம், குங்ஃபூ, யோகா நான்கையும் ஒரே சாயங்காலத்தில் முடித்து அனுப்பும் கிளாஸாகப் பார்த்துப் போய்விடுகிறார்கள். போகட்டும். ஒரே உடம்பில் இரண்டு பாணி ஏறும்போது என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஹங் காரை நான் கற்றது வியாசர்பாடியில், பர்மாவிலிருந்து திரும்பியவர் ஒருவரிடம். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்தடுத்துக் கடைகளையும் வியாபாரங்களையும் அரசுடைமையாக்கியபோது, அங்கே தலைமுறைகளாக இருந்த தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். வடசென்னையில் அவர்களுக்கென்று குடியிருப்புகள் எழுந்தன. பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் வந்தது. அத்தோ, மொய்ங்கா என்ற பர்மாத் தீனிகளும் வந்தன. என் மாஸ்டரும் சாயங்காலம் அத்தோ வண்டி போடுகிறவர். ரங்கூனில் சீனர்கள் வசித்த தெருக்களில், கான்டன் பக்கத்துத் தச்சர்களிடம் பையனாக இருக்கும்போது கற்றதை எங்களுக்குச் சொல்லித் தந்தார். மதியம் வண்டிக்கு முட்டைகோஸ் நறுக்க உட்காருவார். அவர் நறுக்கி முடிக்கும்வரை நாங்கள் குதிரை நிலையில் நிற்க வேண்டும். வியாபாரம் நன்றாக நடந்த மாதங்களில் எங்கள் தொடை கல்லாகிப் போனது. கோஸ் நிறைய, நிற்கும் நேரமும் நிறைய.

குதிரை நிலை என்றால், தோளகலத்தைப்போல இரண்டு பங்கு காலை அகட்டி, தொடை தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக வரும்வரை உட்கார்ந்து, இரண்டு முஷ்டியையும் மல்லாத்தி இடுப்பில் வைத்துக்கொள்வது. சே பிங் மா என்பார்கள். ஹங் கார் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. புலியை அடக்கும் வரிசை, புலி-கொக்கு வரிசை, கடைசியாக இரும்புக் கம்பி வரிசை. குத்து இடுப்பிலிருந்து கிளம்பும், தோள் திரும்பும், உடம்பின் கனம் முழுவதும் அதன் பின்னால் போகும். ஹார்பரில் மூட்டை தூக்கும் வீட்டுப் பையன்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். இடுப்பை இறக்கிக் கனம் தாங்குவதை அப்பாவைப் பார்த்தே கற்றிருப்பார்கள்.

இந்தப் பாணியின் பெரிய பெயர் வாங் ஃபே ஹங். 1847இல் பிறந்தவர். எலும்பு வைத்தியர், சொந்தமாக மருந்துக்கடை வைத்திருந்தார். அவருடைய சீடர் லாம் சாய் விங் பன்றிக்கறி வெட்டும் தொழிலிலிருந்து வந்தவர். லாமிடம் கற்ற ஒருவரின் மகன்தான் 1978இல் 'ஷாவ்லினின் 36ஆம் அறை' படத்தை எடுத்த லாவ் கர் லியுங். வாடகை கேசட்டில் தேய்ந்த பிரிண்டில் அந்தப் படத்தைப் பார்த்தபோது, நாங்கள் வியாசர்பாடியில் நிற்கிற அதே நிலையில் ஹாங்காங்கில் ஒருத்தன் நிற்கிறான் என்பதே பெரிய பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தவர் எங்கள் தெருவில் இருந்த பழைய பாக்ஸர். பரம்பரை பேர் சொல்லி மோதிய ஆங்கிலக் குத்துச்சண்டைக் காலத்து ஆள். 1980இல் முகமது அலி மெட்ராஸுக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டதை நேரில் பார்த்தவர். நான் வாசலில் வரிசை போட்டுக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"இன்னாடா தம்பி, அந்தக் கைய இடுப்புல எதுக்கு வச்சினுக்குற? வாடகைக்கு வுட்டுட்டியா?"

"ஸ்டைல் அப்படித்தான் வாத்யாரே."

"மூஞ்சிய யாரு பாத்துக்குவா? உங்க மாஸ்டரா?"

சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் லேசாக ஒன்று தட்டினார். நியாயமான கேள்விதான். மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். "செஞ்சினே இரு, தெரியும்" என்றார். அவருடைய எல்லாப் பதிலும் அதுதான்.

பிறகு வெல்டிங் வேலைக்குச் சிங்கப்பூர் போனேன். கப்பல் பட்டறையில் வாரம் முழுவதும் குனிந்தே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றிவிட்டு, ஒரு சமூக மன்றத்தில் நடந்த விங் சுன் வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். சிஃபு ஒரு சீனர். நான் வந்து நின்ற நிலையைப் பார்த்ததுமே, "ஹங் காரா?" என்று கேட்டுவிட்டார்.

விங் சுன்னில் கால் குறுகலாக நிற்கும். பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கும், முட்டியும் உள்ளே அணைந்திருக்கும். முதல் வரிசையான சியூ நிம் தாவ் முடியும்வரை கால் ஓர் அங்குலம்கூட நகராது. குத்து இடுப்பிலிருந்து வராது. மார்புக்கு நடுவிலிருந்து, முழங்கை கீழே தொங்க, கட்டைவிரல் மேல்பக்கம் இருக்க, நேராகப் போகும். தோளைத் திருப்பவே கூடாது. எதிராளியின் நடுக்கோட்டை யார் பிடிப்பது என்பதுதான் விளையாட்டு. சீ சாவ் என்ற பயிற்சியில் இரண்டு பேர் முன்கைகளை ஒட்டவைத்து உருட்டிக்கொண்டே இருப்பார்கள். எதிராளியின் கை எங்கே அழுத்துகிறது, எங்கே காலி விடுகிறது என்பதைத் தோலால் கண்டுபிடித்து, காலியான இடத்தில் குத்த வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டுகூடச் செய்வார்கள்.

இந்தப் பாணியை ஹாங்காங்கில் பரப்பிய இப் மான், சீனாவில் ஆட்சி மாறிய 1949இல் ஃபோஷானிலிருந்து வெளியேறியவர். சொத்து போய், ஐம்பது வயதுக்கு மேல் பிழைப்புக்காக வாத்தியாரானவர். 1950இல் அவர் முதலில் கற்றுக்கொடுத்த இடம் கவுலூனில் ஓட்டல் தொழிலாளர் சங்கம். 1918இல் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்த பெரம்பூருக்குப் பக்கத்து ஊர்க்காரனான எனக்கு அது பிடித்துப்போனது. கோயிலிலோ மடத்திலோ இல்லை, சங்கக் கட்டடத்தில், ஷிஃப்ட் முடித்து வந்த ஆட்களோடு ஆரம்பித்திருக்கிறது. அவருடைய சீடர்கள் மற்ற பாணிக்காரர்களோடு மொட்டை மாடியில் மோதிப் பார்ப்பார்களாம். அவர்களில் ஒருவர்தான் புரூஸ் லீ.

சரி, உடம்புக்கு என்ன ஆனது? முதலில் விங் சுன் வரவில்லை. அதை எதிர்பார்த்திருந்தேன். எதிர்பாராதது, ஹங் காரும் போய்விட்டது. குதிரை நிலையில் உட்கார்ந்தால் முட்டி தானாக உள்ளே மடிகிறது. புலி வரிசை போட்டால் குத்து பாதியில் நடுக்கோட்டுக்குத் திரும்புகிறது. அந்தப் பக்கம் சீ சாவில் கை வைத்தால் முன்கை விறைத்துக்கொள்கிறது. இரும்புக் கம்பி வரிசை செய்தவனின் கை அப்படித்தான் இருக்கும், தசையை முறுக்கியே பழக்கப்பட்டது. விறைத்த கை, அடுத்து என்ன செய்யப்போகிறது என்று எதிராளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். சிஃபு என் கையைத் தொட்ட மாத்திரத்தில் அடிப்பார். ஸ்பாரிங்கில் இரண்டுமே கைகொடுக்காமல், எருக்கஞ்சேரி பஸ் ஸ்டாப்பில் சண்டை போடுகிறவன்போலக் கை வீசினேன்.

இந்தக் காலகட்டம் எல்லோருக்கும் வருகிறது. என்னிடம் படிப்பவர்களிடம் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முதலில் முழங்கையில்தான் தெரியும். ஹங் கார் பையனின் முழங்கை விங் சுன் ஆரம்பித்ததும் குழம்பி, வெளியே போவதா உள்ளே வருவதா என்று தெரியாமல் பாதியில் மிதக்கும். முழங்கை மிதந்தால் தோள் ஏறும், தோள் ஏறினால் மூச்சு மேலே வரும், மூச்சு மேலே வந்தால் அவன் ஒரு நிமிஷத்தில் களைத்துவிடுவான். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். "ரெண்டும் மிக்ஸ் ஆவுது மாஸ்டர்" என்பார்கள். மிக்ஸ் ஆகவில்லை. ஒன்று இன்னொன்றைக் கலைக்கிறது. கலக்க வேண்டுமென்றால் முதலில் இரண்டு இருக்க வேண்டும். ஒரே சாயங்காலத்தில் நான்கு கலை கற்ற பையனிடம் கலைவதற்கு எதுவுமே இருக்காது, அதனால் அவனுக்கு இந்தக் குழப்பமும் வராது.

அந்தக் குழப்பத்திலிருந்துதான் பாக்ஸர் பெரியவரின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. விங் சுன்னில் லாப் சாவ் என்றொரு அசைவு உண்டு. கை ஒட்டியிருக்கும்போதே எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்துச் சுண்டி இழுத்து, அதே நொடியில் மற்றக் கையால் குத்துவது. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் செய்துகொண்டிருந்தபோது என் இழுக்கும் கை பழைய பழக்கத்தில் நேராக இடுப்புக்குப் போய் மல்லாந்து நின்றது. ஜோடியாக இருந்த ஆள் தடுமாறி என் குத்துக்குள்ளேயே வந்து விழுந்தான். அப்போதுதான் உறைத்தது. ஹங் காரில் இடுப்புக்குப் போகும் கை வெறும் கை இல்லை. அதில் எதிராளியின் கை இருக்க வேண்டும். வரிசையைத் தனியாகச் செய்வதால் அந்த ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு பாணியும் முன்கை ஒட்டுவதிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன. ஒன்று அதைப் பெரிதாக, கனமாக, வாசல் முழுவதும் நடந்து செய்கிறது. மற்றது அதையே ஒரு முழ தூரத்துக்குள் செய்கிறது. மாஸ்டருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

லீவில் வந்தபோது பெரியவரிடம் செய்து காட்டினேன். யோசித்துவிட்டு, "கிளவுஸ் போட்டா எப்படிடா புடிப்ப?" என்றார். அதுவும் சரிதான். கிளவுஸ் போட்ட கையால் மணிக்கட்டைப் பிடிக்க முடியாது. அந்த விளையாட்டில் கை தாடைக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இப்போதும் பாக்ஸிங்கிலிருந்து வரும் பிள்ளைகளிடம், கிளவுஸ் மாட்டியிருக்கும்போது கையை இடுப்பில் வைக்காதே என்றுதான் சொல்கிறேன்.

பாணியைக் கலப்பதைப் பாவம்போலப் பேசுகிறவர்கள் இங்கே உண்டு. சீனாவிலேயே அப்படிச் சுத்தமாக இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஹங் காரின் இரும்புக் கம்பி வரிசை வாங் ஃபே ஹங்கின் குடும்பச் சொத்து கிடையாது. தித் கியூ சாம் என்பவரின் சீடரிடமிருந்து அவர் வாங்கிச் சேர்த்தது. 1836இல் சோய் லீ ஃபட் பாணியை அமைத்த சான் ஹியுங், தனித்தனி மரபைச் சேர்ந்த மூன்று ஆசிரியர்களிடம் கற்றவர். சுன் லுதாங் ஷிங்யி, பாகுவா ஆகிய பாணிகளில் பேர் வாங்கிய பிறகு, ஐம்பது வயது வாக்கில் தாய்சி கற்கப் போய், தன் பெயரிலேயே ஒரு தாய்சி பாணியை விட்டுச்சென்றார். 1910இல் ஷாங்காயில் தொடங்கிய ஜிங்வு சங்கம் பல பாணிகளை ஒரே கூரையின்கீழ் பாடத்திட்டமாகவே வைத்தது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அதன் கிளைகள் இன்றும் இருக்கின்றன. இவர்களில் யாரும் இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பிக்கவில்லை என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன்.

சுத்தம் என்று பேச்சு வந்தால் போதிதர்மர் வராமல் இருக்க மாட்டார். எங்கள் ஆண்டு விழாவில் ஓடு உடைத்து, டியூப்லைட் உடைத்து முடித்ததும், மைக் பிடிக்கும் சிறப்பு விருந்தினர் எல்லோரும் குங்ஃபூவைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். 2011இல் 'ஏழாம் அறிவு' வந்தபோது எங்களுக்கு அட்மிஷன் கூடியது உண்மை. ஆனால் போதிதர்மரைக் குறிப்பிடும் ஆகப் பழைய சீனக் குறிப்பு, 547ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்டது, அவரைப் பாரசீகத்துத் துறவி என்கிறது. தென்னிந்தியர் என்று சொல்லும் குறிப்பும் பழையதுதான். இரண்டிலும் சண்டைக் கலை பற்றிப் பேச்சில்லை. அவர் பெயரில் உலவும் தசைப் பயிற்சி நூல் 1624ஐ ஒட்டியது, ஆயிரம் வருஷத்துக்கும் மேல் தள்ளி. விருந்தினரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? சால்வையைப் போட்டு உட்காரவைத்துவிடுவேன்.

இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தப் பாணி எங்கே பிழைக்கும் என்பதை இடம்தான் முடிவு செய்கிறது. ஹங் காரின் புலி வரிசை தரையில் இரண்டு படுக்கைக் கோடும் நடுவில் ஒரு நெடுக்குக் கோடுமாக ஓடும். என் மாடியில் தண்ணீர் டேங்க், துணிக்கொடி, டிஷ் ஆன்டெனா எல்லாம் போக மிச்சமிருக்கும் இடத்தில் அதை முழுசாகச் செய்ய முடியாது. மடக்கி மடக்கிச் செய்ய வேண்டும். விங் சுன்னுக்கு ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். இரும்புக் கம்பி வரிசையை மாடியில் செய்வதை நிறுத்திவிட்டேன். அதில் மூச்சைச் சத்தத்தோடு வெளியே விட வேண்டும். கீழ்வீட்டு அக்கா ஒரு தரம் அலறியடித்து ஏறி வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டார்.

மூச்சுப் பயிற்சிக்குக் கொடுங்கையூர் ஏற்ற ஊரும் இல்லை. சென்னையின் வடபாதிக் குப்பை வந்து சேரும் கிடங்கு, 300 ஏக்கருக்கு மேல், எங்களுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. அது தீப்பிடித்தால் நாள் கணக்கில் புகையும். விடிகாலையில் வயிற்றின் அடிவரை இழு என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். எங்கள் ஊரில் பனி இறங்கும் மார்கழி விடிகாலையில்தான் புகை தரையோடு படிந்திருக்கும். வெயில் ஏறி, கடல் காற்று திரும்பிய பிறகு செய்யச் சொல்கிறேன். காற்று ஆலைகள் இருக்கும் மணலி பக்கமிருந்து வந்தால் அன்றைக்கு மூச்சுப் பயிற்சி கிடையாது, கால் பயிற்சிதான். பெற்றோருக்கு இதெல்லாம் பிடிப்பதில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குச் சர்டிஃபிகேட் எப்போது என்று கேட்கிறார்கள்.

மரப்பொம்மையும் இங்கே கிடைக்காது. விங் சுன்னுக்கு அது வேண்டும். ஆள் உயரக் கட்டை, மூன்று கை, ஒரு கால். நான் போட்டோவைக் காட்டிச் செய்ய வைத்தது காசிமேட்டில் படகு ரிப்பேர் செய்யும் ஆசாரியிடம். கட்டையைச் சுவரில் அசையாமல் அடித்துவிடக் கூடாது, இரண்டு குறுக்குச் சட்டத்தில் தொங்க வேண்டும், அடித்தால் கொஞ்சம் பின்வாங்கித் திரும்ப வர வேண்டும் என்று விளக்கியபோது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கைகளைத் துளைக்குள் இறுக்கமில்லாமல் விட்டார். அவை ஒவ்வொரு அடிக்கும் கடகடவென்று ஆடும். ஆட வேண்டும். ஹங் கார் பையன்கள் முதலில் அந்தக் கட்டையை உடைக்கப் பார்ப்பார்கள். முன்கை கன்றிப்போன பிறகு ஒட்டக் கற்றுக்கொள்வார்கள். கன்றலுக்குச் சீனர்கள் மூலிகை ஊறவைத்த மது தடவுவார்கள். இங்கே ஐயோடெக்ஸ். விரல் பிசகினால் சில அப்பாக்கள் புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போவார்கள். முதலில் எக்ஸ்ரே எடுங்கள் என்று சண்டை போடுவது என் வேலைகளில் ஒன்று.

இரண்டு பாணியும் நிஜமாகவே சந்திக்கும் இடம் கழி. விங் சுன்னின் ஆறரைக் கழி வரிசை கடைசிக் கட்டத்தில் வருவது. கழி ஒன்பதடி நீளம், ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்திருக்கும். அசைவு ஏழுதான். சிலம்பம் தெரிந்த பிள்ளைகள் அதைச் சுழற்றப் பார்ப்பார்கள். நெற்றி உயரக் கம்பைச் சுற்றுவதுபோல இதைச் சுற்ற முடியாது, தோள் கழன்றுவிடும். இந்தக் கழியைத் தாங்க விங் சுன்னின் குறுகிய நிலை போதாது. எனவே அந்த வரிசையில் பெரும்பாலும் அகலக் கால் வைத்து, குதிரை நிலையில்தான் நிற்க வேண்டும், அதே சே பிங் மாவில். இப் மான் சொல்லிவந்த கதைப்படி, செந்நிறப் படகுகளில் ஊர் ஊராகப் போன நாடகக் குழுவில் இருவர் தங்கள் வித்தையை மாற்றிக்கொண்டார்கள். படகைக் கழியால் ஊன்றித் தள்ளும் லியுங் யீ தாய் கழியைக் கொடுத்தார், நடிகர் வாங் வா போ விங் சுன்னைக் கொடுத்தார். கதையோ நடந்ததோ, ஓடத்தில் கழி ஊன்றுகிறவன் கால் அகட்டித்தான் நிற்பான். பக்கிங்காம் கால்வாயில் சரக்குப் படகு ஓடிய காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்களும் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் ஹங் கார். கால் வந்துவிட்டால் பிறகு கை வரும், கடைசியில் கழிக்கு அதே கால் திரும்பத் தேவைப்படும். நாற்பது தாண்டியவர்களுக்கும், முட்டி தேய்ந்தவர்களுக்கும், நாள் முழுவதும் தையல் மெஷினில் உட்கார்ந்து வரும் பெண்களுக்கும் நேராக விங் சுன். அவர்களைக் குதிரையில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. இரண்டும் கற்கிறவர்களுக்கு நாள் தனி, செவ்வாயும் வியாழனும் ஒன்று, சனிக்கிழமை மற்றது. வார்ம்-அப்பைக்கூட வேறாக வைத்திருக்கிறேன், உடம்புக்கு இன்றைக்கு எது என்று தெரிய வேண்டுமே.

கழியை மாடியில் எடுக்க முடியாது, மேலே கரண்ட் ஒயர். ஞாயிறு காலை கார்ப்பரேஷன் கிரவுண்டுக்குத் தூக்கிக்கொண்டு போவோம். கிரிக்கெட் பசங்களோடு ஓர் ஒப்பந்தம் இருக்கிறது: ஏழு மணி வரை எங்களுக்கு, ஏழுக்கு ஸ்டம்ப் நட்டுவிடுவார்கள், ஓவர் குறைவான மேட்ச் என்றால் கால் மணி நேரம் விட்டுக்கொடுப்பார்கள். அவர்களில் ஆஃப் ஸ்பின் போடும் பையன் ஒருவன் போன மாதம் வந்து, கழியை மட்டும் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டான். ரெண்டு வருஷம் நின்னுட்டு வா என்றேன். அவன் கேட்டது, "அதுக்கும் ஃபீஸ் உண்டா ணா?"